ஆபத்தின் பெயர்: சீரங்கன்

ஆபத்து வீடு எதுன்னு கேட்டுத்தானே வந்தீங்க அம்மணி? பரவாயில்ல, சொல்லுங்க. நீங்க சீரங்கன் வீடுன்னுதான் கேட்டிருப்பீங்க. உங்க கரண்டு ஆபீஸ் நோட்டுல அப்படித்தான் இருக்கும். ஆனா கீழ டீக்கடைக்காரன் என்ன சொன்னான்? "ஆபத்து வீடா, நேராப் போங்க"ன்னு சொன்னானா இல்லையா? சிரிங்க, சிரிங்க. அது பட்டப்பேரு இல்லீங்க. பதவி.

மீட்டர் பார்த்தாச்சில்ல? அப்புறம் என்ன, உட்காருங்க. இது ஐப்பசி மழை, இப்போதைக்கு விடாது. வண்டியை அந்தப் பலா மரத்தடியில விட்டீங்களா? சரி. பாவாயி, அம்மணிக்கு ஒரு வரக்காப்பி போடு. எங்க தோட்டத்துக் காப்பிதான், பால் மட்டும் கேட்காதீங்க. உங்களுக்கு முன்னாடி மீட்டர் பார்க்க வந்தவரு என் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாருன்னு இவ சொல்லுவா. நம்பாதீங்க.

வர்ற வழியில நீலக் கலர்ல ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. கோடாலியைத் தோள்ல வச்சுக்கிட்டு ஒருத்தன் முறைச்சுப் பார்ப்பான். நான்தான். "இக்காட்டிற்கான முக்கிய ஆபத்து"ன்னு கீழ எழுதியிருக்கும். இந்த மலையில போர்டுல போட்டோ வந்த ஆளு, கட்சிக்காரங்களை விட்டுட்டா நான் ஒருத்தன்தான்.

எங்க ஊருக்குப் பின்னாடி இருக்கே, அதுதான் கன்னிமார் காடு. நாப்பது ஏக்கரா. உள்ள ஏழு கல்லு இருக்கு, ஏழு கன்னிமாரு. வேங்கை, நாவல், காட்டுப்பலா, பேரு தெரியாத மரம் எல்லாம் வானத்துக்கு நிக்கும். உள்ள செருப்புப் போடக் கூடாது. கத்தி கொண்டு போகக் கூடாது. விழுந்து கிடக்கிற சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. அதுக்குப் பூசாரி அத்தியப்பன், பாவாயியோட அண்ணன், எங்க மச்சான். காட்டை ஒட்டி ஒரு பக்கம் என்னோட ரெண்டு ஏக்கரா காப்பித் தோட்டம். இன்னொரு பக்கம் மச்சானோட குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளித் தோட்டம்னு சொல்வீங்க நீங்க. இவ்வளவுதான் எங்க பூகோளம்.

போன வருஷம் புரட்டாசியில ஒரு கம்பெனிக்காரரு வந்தாரு. இளம்பரிதின்னு பேரு. சின்ன வயசுதான், ஆனா பாவம், மலையேறி வந்ததுல அரை மணி நேரம் பேச்சே வரல. அப்போ ரோடு கிடையாதுங்க. அஞ்சு கிலோமீட்டர் நடந்துதான் வரணும். பரிதி சாரு தண்ணி குடிச்சு, மூச்சு வாங்கி, ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாரு. வெளிநாட்டுல கம்பெனிங்க புகை விடுதாம். நம்ம மரம் அந்தப் புகையைக் குடிக்குதாம். அதனால அவங்க நமக்குப் பணம் தருவாங்களாம், அதுல ஊருக்கு ஒரு பெரிய காரியம் பண்ணிக்கலாமாம். என்ன வேணும்னு கேட்டாரு.

"ரோடு"ன்னு ஊரே ஒரே வாயில சொல்லுச்சு.

ஏன்னா அதுக்கு முந்தின வருஷம்தான் மச்சானோட சம்சாரம் பெருமாயியைப் பாம்பு கடிச்சுடுச்சு. தூளி கட்டி நாலு பேரு தூக்கிட்டு ஓடினோம். முன்பக்கம் மச்சான், பின்பக்கம் நான். மழை. வழுக்குப் பாறைக்கிட்டப் போறப்போ தூளி கனத்துப் போச்சு. நான் எதுவும் சொல்லல. மச்சான் ஓடிக்கிட்டே இருந்தாரு. தார் ரோடு வர்ற வரைக்கும் ஓடுனோம்.

சரி, அதை விடுங்க. காப்பி ஆறிடும், குடிங்க.

பரிதி சாரு நோட்டை எடுத்துக்கிட்டு, "காட்டை எப்படி வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாரு. நல்ல பேரு வாங்கணுமே, போட்டி போட்டுக்கிட்டுச் சொன்னோம். "ஒரு இலையைக் கிள்ள மாட்டோம் சார்." "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து ஒரு கத்தி உள்ள போனதில்ல சார்." சொல்லச் சொல்ல அவரு முகம் தொங்கிக்கிட்டே போச்சு.

"ஒருத்தர்கூட வெட்ட மாட்டீங்களா?"

"மாட்டோம் சார்."

"இனிமேல்?"

"சத்தியமா மாட்டோம் சார்."

"அய்யய்யோ"ன்னு தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு.

எங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பொறுமையா விளக்கினாரு. நல்லாக் கேட்டுக்கோங்க அம்மணி, படிச்சவங்களுக்கே இது கொஞ்சம் கஷ்டம். காடு இருந்தா மட்டும் பணம் வராது. அழியப் போற காட்டைக் காப்பாத்துனாத்தான் வரும். யாருமே வெட்டாத காட்டை எப்படிக் காப்பாத்துறது? அது பாட்டுக்கு நிக்குது. நின்னதுக்கு எவன் பணம் கொடுப்பான்?

மச்சான் எந்திரிச்சு, "அப்போ இத்தனை காலம் வெட்டாம இருந்தது தப்புங்களா சார்?"ன்னாரு.

"தப்புன்னு இல்ல பூசாரி ஐயா. அது கணக்குல வராது."

அடுத்த மலையில ஒரு ஊரு இருக்காம். பாதிக் காட்டை வெட்டிக் கிழங்கு போட்டுட்டானுங்களாம். மீதிப் பாதிக்கு முதல் தரத்துல பணம் வருதாம். எங்களுக்கு வயிறு எரிஞ்சுது.

"அப்போ என்னதான் சார் பண்றது?"

பரிதி சாரு யோசிச்சுப் பார்த்துட்டு, "ஒரு ஆபத்து வேணும்"னாரு. "இந்தக் காட்டை வெட்டணும்னு நினைக்கிற ஒரு ஆளு. ஒருத்தர் இருந்தாப் போதும். வெட்ட வேண்டாம். நினைச்சாப் போதும்."

கன்னிமார் காட்டை வெட்டணும்னு எவன் நினைப்பான்? நினைச்சாலே கண்ணு போயிடும்னு வளர்ந்தவங்க நாங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்க்குறாங்க. ஒருத்தன் எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்குன்னான். ஒருத்தன் எனக்கு முதுகு வலின்னான். அப்போ மச்சான் என்னைப் பார்த்தாரு. நான் மச்சானைப் பார்த்தேன். அவரு கண்ணுல அந்தத் தூளி தெரிஞ்சுது.

"நம்ம சீரங்கன் இருக்கட்டும். காட்டை ஒட்டி நிலம் இருக்கு, பொருத்தமா இருக்கும்"னாரு.

ஊரே கையைத் தூக்கிடுச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க. ரெண்டு தடவை வார்டு மெம்பருக்கு நின்னு தோத்தவன் நான். ரெண்டாவது தடவை என் வீட்டு ஓட்டே எனக்கு முழுசா வரல, அதை யாருன்னு நான் சொல்ல மாட்டேன், அவ உள்ளதான் இருக்கா. அப்படிப்பட்டவனை ஊரே ஒரு மனசா தேர்ந்தெடுக்குதுன்னா சும்மாவா?

பாரம் எழுதுனாங்க. ஆபத்தின் பெயர்: சீரங்கன். ஆபத்தின் தகப்பனார் பெயர்: வெள்ளையன். ஆபத்தின் வயது: ஐம்பத்திரண்டு. ஆபத்தின் நோக்கம்: ஏழு வருஷத்துல நாப்பது ஏக்கராவையும் வெட்டிக் குச்சிக்கிழங்கு போடுறது. "ஏழு வருஷம் ஆகுமா சார்?"ன்னு கேட்டேன். "அப்படித்தான் ஆகும், சீக்கிரம் முடிச்சுட்டா திட்டமும் சீக்கிரம் முடிஞ்சுடும்"னாரு. விவரமான ஆளுங்க அவரு.

அப்புறம் போட்டோ. என்கிட்ட கோடாலியே கிடையாது. கீழ ஆசாரி வீட்டுல இரவல் வாங்கிட்டு வந்தாங்க. பரிதி சாரு செல்லுல எடுத்து எடுத்துப் பார்க்குறாரு, சரியா வரல. "கொஞ்சம் கோவமாப் பாருங்க ஐயா. ஆபத்து மாதிரி இருங்க." எனக்குப் போட்டோன்னாலே சிரிப்பு வந்துடும். இருபது முப்பது போட்டோ, எல்லாத்துலயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். கடைசியில மச்சான்தான் யோசனை சொன்னாரு. பாவாயியைக் கூட்டிட்டு வந்து கேமராவுக்குப் பின்னாடி நிறுத்தி, "ரெண்டு வார்த்தை பேசும்மா"ன்னாரு. அவ பேசுனா. அந்தப் போட்டோதான் போர்டுல இருக்கு.

நான் ஒரு வேலையை ஏத்துக்கிட்டா ஒழுங்காச் செய்யணும்னு நினைக்கிறவன். பேருக்கு ஆபத்தா இருந்தாப் போதுமா? தினமும் கண்ணுல படணும்ல? அதனால காலையில ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து. கோடாலியைத் தோள்ல போட்டுக்கிட்டு காட்டோட எல்லையைச் சுத்தி வருவேன். உள்ள கால் வைக்க மாட்டேன், கோடாலி இருக்கில்ல. வெளிய இருந்தே ஒவ்வொரு மரமாப் பார்த்து, இதை வெட்டணும், அதை வெட்டணும்னு நினைப்பேன். நினைக்கிறதுதானே என் வேலை. ஆனா மனசு சரியா வேலை செய்யாது அம்மணி. வேங்கையைப் பார்த்து வெட்டணும்னு நினைச்சா, அடியில ஒரு கன்னு முளைச்சிருக்கும். அதை ஆடு கடிச்சுடுமேன்னு நினைப்பு அங்க போயிடும். உடனே தோட்டத்து முள்ளை வெட்டி, கோடாலியை வெளிய வச்சுட்டுப் போய் வேலி கட்டுவேன். அடுத்த நாளு பார்த்தா அடுத்த ஊரு ஆடு உள்ள நிக்கும். விரட்டுவேன். ஒரு தடவை கீழேருந்து ரெண்டு பேரு சந்தன மரம் இருக்கான்னு பார்க்க வந்தானுங்க. கோடாலியோட என்னைப் பார்த்ததும், ஏற்கனவே ஆளு இருக்குன்னு நினைச்சுக்கிட்டு திரும்பிப் போயிட்டானுங்க. இப்படியே என் வேலை நேரம் எல்லாம் வீணாப் போயிடும்.

பரிதி சாருகிட்ட ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிட்டேன். "சார், நான் இன்னும் நல்ல ஆபத்தா ஆகல." அவரு, "பரவாயில்ல ஐயா, சுத்துறதை விடாதீங்க"ன்னாரு.

ஊருல மரியாதை கூடுச்சு. அடுத்த ஊருக்காரங்க என்னைக் கண்டா ஒதுங்கி நிப்பாங்க. கன்னிமார் காட்டை வெட்டப் போறவன்னு ஒரு கிழவி மண்ணை வாரித் தூத்தினா. எனக்கு வருத்தமே இல்ல. வேலை நடக்குதுன்னுதானே அர்த்தம்?

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். பங்குனி மாசம். வெயில்னா வெயில். காட்டோரத்துல உண்ணிச்செடி எல்லாம் காய்ஞ்சு வத்திப் போய் நிக்குது. காலைச் சுத்துல போறேன், புகை வாசம். ஓடிப் பார்த்தா, மச்சானோட கிழங்குக் காட்டுப் பக்கத்துலேர்ந்து நெருப்பு உண்ணிச்செடிக்குள்ள ஏறிக்கிட்டு இருக்கு.

கொஞ்சம் கிட்ட வாங்க, உள்ள கேட்டுடக் கூடாது, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியூரு, மாறுதல்ல வந்தவங்க, அதனால சொல்றேன். கிழங்கு பிடுங்கி முடிச்சு, காய்ஞ்ச குச்சியைக் குவிச்சு மச்சான்தான் காலையில நெருப்பு வச்சிருந்தாரு. எல்லாரும் வைக்கிறதுதான். வச்சுட்டுச் சோறு திங்கப் போயிருக்காரு. காத்து திரும்பிடுச்சு. காத்தை என்ன பண்றது?

நான் கத்துறேன், ஒருத்தரும் இல்ல. தண்ணியும் இல்ல. கையில கோடாலி ஒண்ணுதான் இருக்கு. நெருப்பு எட்டுறதுக்குள்ள நடுவுல ஒரு கோடு வெட்டி விட்டா, அதைத் தாண்டாதுன்னு தெரியும். ஆனா கோடு வெட்டணும்னா காட்டுக்குள்ள வெட்டணும். கோடாலியோட உள்ள கால் வைக்கணும். நின்னேன் அம்மணி. நெருப்பு அந்தப் பக்கம் படபடன்னு வருது, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். அப்புறம் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போனேன்.

உண்ணிச்செடியை எல்லாம் வெட்டி இழுத்துப் போட்டேன். நடுவுல மூணு நாவல் மரம், தொடை கனம் இருக்கும். அதுவும் பத்திக்கிட்டா மேல இருக்கிற வேங்கைக்கு ஏறிடும். வெட்டினேன். மூணையும் வெட்டினேன். முதல் மரத்துல பாதி வெட்டு மண்ணுலதான் விழுந்துது. அப்போ மச்சான் ஓடி வந்தாரு. பச்சைக் கிளையை ஒடிச்சு ரெண்டு பேருமா அடிச்சோம். மத்தியானம் வரைக்கும் அடிச்சோம். முன்னாடி அவரு, பின்னாடி நான். தூளி தூக்கிட்டு ஓடுனப்போ எப்படியோ அப்படி. மூலையில அரை ஏக்கரா போச்சு, மீதிக் காடு நின்னுடுச்சு.

ஊரு வந்து பார்க்கிறப்போ புகைக்கு நடுவுல நான் கோடாலியோட நிக்கிறேன். காலடியில மூணு நாவல் மரம் கிடக்கு.

அந்த வாரமேதான் வெளிநாட்டுலேர்ந்து பரிசோதிக்கிறவரு வரணுமா? வெள்ளைக்காரரு, ஆறடி உயரம். கூட மொழி சொல்ல ஒரு பொண்ணு. பரிதி சாரு முதல்ல பயந்துட்டாரு. வெள்ளைக்காரரு எரிஞ்ச இடத்தைப் பார்த்தாரு, வெட்டுன மரத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, என் அடையாள அட்டையைப் பார்த்தாரு. அட்டையைச் சொல்லலையே உங்ககிட்ட? கண்ணாடிக் காகிதம் ஒட்டி, கழுத்துல மாட்டிக்கிற மாதிரி கொடுத்திருந்தாங்க. "ஆபத்து"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். பாவாயி, அதைக் கொண்டா. அட, சாணிக்கூடை மேல தொங்க விட்டிருக்கா பாருங்க.

அந்தப் பொண்ணு மச்சானைப் பார்த்து, "பூசாரி ஐயா, நீங்க சாமி முன்னாடி நிக்கிறவரு, பொய் சொல்ல மாட்டீங்கன்னு இவரு நம்புறாரு. இந்த நெருப்பை வச்சது யாரு?"ன்னு கேட்டா.

மச்சான் வாயைத் திறந்தாரு. ஒண்ணும் வரல. திரும்பத் திறந்தாரு. உதடு மட்டும் ஆடுது. கூட்டமே பார்க்குது. பரிதி சாருக்கு வேர்த்துக் கொட்டுது. பாவம், மச்சானுக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல, பதில் தெரியாம முழிக்கிறாருன்னு எனக்குத் தோணுச்சு. நான் முன்னாடி போய், "நான்தானுங்க வச்சேன்"னேன்.

"மரத்தை வெட்டினது?"

"அதுவும் நான்தானுங்க." அது நிஜம்தானே?

"பணம் வரலைன்னா மீதியையும் வெட்டுவீங்களா?"

"கண்டிப்பா. ஒரு நாளைக்கு நூறு மரம்."

வெள்ளைக்காரரு ஏதோ கணக்குப் போட்டுட்டு, ஒரு ஆளு நூறு மரம் வெட்ட முடியாதேன்னாரு. "என் மச்சானும் கூட வருவாரு"ன்னேன். வேகத்துல வாயில வந்துடுச்சு. மச்சான் அப்படியே கீழ உட்கார்ந்துட்டாரு.

வெள்ளைக்காரரு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. இத்தனை ஊரு பார்த்திருக்காராம், இவ்வளவு தெளிவான ஆபத்தை எங்கயும் பார்த்ததில்லையாம். "தீவிரம்"னு எழுதிட்டாரு. அதுக்கு மேல ஒரு படி கிடையாது.

மறுவாரம் ரேஞ்சர் வந்துட்டாரு. மலையில எந்தக் காடா இருந்தாலும் மரம் வெட்டினா அவங்க கேட்பாங்கல்ல? கம்பெனி அறிக்கையே அவரு கையில இருக்கு. போட்டோவோட இருக்கு. "நீயே ஒத்துக்கிட்டியாமே"ன்னாரு. "ஆமாங்க"ன்னேன். ஜீப்பு நிக்கிற இடம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போய், கீழ ஆபீஸ்ல ரெண்டு நாள் உட்கார வச்சாங்க. நல்லவங்கதான், இட்லி வாங்கிக் கொடுத்தாங்க.

ரெண்டாம் நாளு பரிதி சாரு விழுந்தடிச்சு ஓடி வந்தாரு. "சார், இவரை உடனே விடணும். இவரை உள்ள வச்சீங்கன்னா அந்தக் காட்டுக்கு ஆபத்து இல்லன்னு ஆயிடும். ஆபத்து இல்லன்னா திட்டமே இல்ல. அப்புறம் காட்டை யாரு காப்பாத்துறது?"

ரேஞ்சர் பேனாவைக் கீழ வச்சாரு. "தம்பி, என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, மரம் வெட்டறவனை வெளிய விட்டாத்தான் காடு பிழைக்கும்னு சொல்லிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்"னாரு. அபராதம் போட்டு, எச்சரிக்கை எழுதி வாங்கிட்டு விட்டுட்டாரு. அந்த எச்சரிக்கைக் கடிதத்தையும் பரிதி சாரு ஒரு நகல் எடுத்துக்கிட்டாரு. அதுவும் நல்ல ஆதாரமாம்.

வைகாசியில ரோடு வேலை ஆரம்பிச்சுது. ஆடிக்குள்ள ஜல்லி போட்டு முடிச்சுட்டாங்க.

ஆனா ஊருக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. கன்னிமார் காட்டுல வெட்டுனவன் ஆயுசுக்கும் அந்தக் காட்டுக்குள்ள போகக் கூடாது. இது வரைக்கும் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டி வரல. இப்போ சொல்லாம விட முடியுமா? ஊரு முன்னாடியே ஒத்துக்கிட்டு, வெள்ளைக்காரன் நோட்டுலயும் ஏறியாச்சு. பூசாரிதான் சொல்லணும். மச்சான் ஊரைக் கூட்டி நின்னு, "சீரங்கன் இனிமே..."ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்கு மேல குரல் வரல. அவருக்கு அப்போ தொண்டைக்கட்டு. நானே மீதியைச் சொல்லி முடிச்சேன். "சரிங்க, நான் இனிமே உள்ள வரல"ன்னு.

இவ அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. "நெருப்பை அணைச்சவனை வெளிய நிறுத்திட்டு, நெருப்பு..."ன்னு ஆரம்பிச்சா. "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாத"ன்னேன். இவளுக்குத் தெரியுமோ என்னமோ. அண்ணன்காரன் விஷயம், நான் கேட்டுக்கல.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பிறந்ததுலேர்ந்து ஆடி பதினெட்டுக்கு அந்த ஏழு கல்லு முன்னாடி பொங்க வச்சவன். அந்த ஆடிக்கு ஊரே உள்ள போகுது. உடுக்கைச் சத்தம் கேட்குது. நான் என் காப்பித் தோட்டத்து வேலி ஓரத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். வேலை நேரம் இல்ல, கோடாலி எடுத்துட்டுப் போகல. சும்மா நின்னேன்.

பூசை முடிஞ்சுது. உடுக்கை நின்னுடுச்சு. மரத்துக்கு நடுவுல மஞ்ச வேட்டி தெரிஞ்சுது. மச்சான் வர்றாரு. நெஞ்சோட எதையோ அணைச்சுக்கிட்டு வர்றாரு. பின்னாடி ஊரே வருது. எல்லையைத் தாண்டி, என் வேலியைத் தாண்டி, தோட்டத்துக்குள்ள வந்து கீழ வச்சாரு. பார்த்தா கல்லு. ஏழாவது கல்லு, கடைசிக் கன்னி. மஞ்சளும் குங்குமமும் ஈரமா இருக்கு.

"என்ன மச்சான் இது?"ன்னேன்.

"உன்னை உள்ள விடக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு மாப்ள. அவளை வெளிய விடக் கூடாதுன்னு எந்தக் கட்டுப்பாடும் இல்ல"ன்னாரு.

ஒருத்தரும் எதிர்த்துப் பேசல. பாவாயி பொங்கப் பானையைத் தூக்கிட்டு வந்து அந்தக் கல்லு முன்னாடியே வச்சுட்டா.

இந்தா, மழை கொஞ்சம் குறையுது. இருங்க, ஒரு நிமிஷம், முடிச்சுடறேன்.

ஆவணியில பரிதி சாரு வந்தாரு. இப்போ ஜீப்புல வர்றாரு, மூச்சு வாங்குறதில்ல. என் தோட்டத்துல கல்லைப் பார்த்துட்டு என்னன்னு கேட்டாரு. கன்னி வந்து உட்கார்ந்துட்டா, இனிமே இந்த ரெண்டு ஏக்கராவுலயும் ஒரு மரத்தைத் தொட முடியாதுன்னு சொன்னேன். அவரு முகம் மலர்ந்துடுச்சு. "அப்போ இதையும் திட்டத்துல சேர்த்துடலாமே! ஊருக்குக் குடிதண்ணித் தொட்டி கேட்கலாம்." அப்புறம் அவரே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. "ஆனா இதுக்கும் ஒரு ஆபத்து வேணுமே."

"நான் இருக்கேனே சார்."

"நீங்க ஏற்கனவே பெரிய காட்டுக்கு ஆபத்து ஐயா. ஒரே ஆளை ரெண்டு இடத்துல காட்டக் கூடாது. விதி இருக்கு."

அப்போ மச்சான் விளக்கேத்த வந்தவரு அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழ வச்சாரு.

"என் பேரை எழுதுங்க"ன்னாரு. "நெருப்பு வைக்கிற ஆளுன்னு எழுதுங்க."

பரிதி சாரு சிரிச்சுட்டாரு. "பூசாரி ஐயா, நீங்களா? யாரு நம்புவாங்க?"

"நம்புவாங்க. ஊருக்கே கேட்கிற மாதிரி நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

எனக்குப் பதறிப் போச்சு. அவரைத் தனியா தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் எடுத்துச் சொன்னேன். "மச்சான், வெளியேருந்து பார்க்க நல்லா இருக்கும், இது லேசான வேலை இல்ல. கண்டவனும் திட்டுவான். கிழவிங்க மண்ணை வாரித் தூத்துவாங்க. உங்க வயசுக்கு இது வேண்டாம்."

அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. "திட்டட்டும் மாப்ள. எனக்கு அது வேணும்"னாரு. கண்ணுல தண்ணி நிக்குது.

மனுஷன் அவ்வளவு ஆசைப்படுறாரு. நான் என்ன பண்ணட்டும் அம்மணி? விட்டுக் கொடுத்துட்டேன்.